படம் எடுப்பது அலுத்துப் போனால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கடலூரில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே தருவது) ஒரு கிராப் சென்சார் கேமரா (படம் பதியும் சில்லு சிறியது) வாங்கினேன். சில்வர் பீச், பாண்டி ஒயிட் டவுன், பிச்சாவரம், பாடலீஸ்வரர் கோயில் கோபுரம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. ஹார்டு டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. இன்ஸ்டாவில் போட்டால் நாற்பது லைக். கேமராவை எடுக்கவே தோன்றவில்லை. ஃபுல் ஃபிரேம் (சில்லு பெரியது) வாங்கினால் ஆர்வம் திரும்புமா?

திரும்பாது. புதுக் கேமராவின் மயக்கம் ஒரு மாதம் தாங்கும். பிறகு அதே இடம், அதே அலுப்பு, கூடவே மாதத் தவணை. கணக்குப் போட்டே பார்க்கலாம். கிராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் இருட்டில் கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்பைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. உங்களிடம் இருக்கும் 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்). ஒரு சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது மூன்று ஸ்டாப்புக்கும் மேல். ஃபுல் ஃபிரேம் பாடியின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை. கையில் காசு அரித்தால் அதையோ, 35 மி.மீ. எஃப்/1.8ஐயோ வாங்குங்கள். கிராப் கேமராவில் 35 போட்டால் பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. பார்வை கிடைக்கும். 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதி வேலையை அந்த ஒரு 50 மி.மீ. பார்வையிலேயே முடித்தவர்.

அலுப்புக்குக் காரணம் வேறு. உள்ளூரில் இருந்துகொண்டு வெளியூர்க்காரர் மாதிரி படம் எடுத்திருக்கிறீர்கள். மஞ்சள் சுவர், போகன்வில்லா, சாய்த்து நிறுத்திய சைக்கிள். இந்தப் படம் உலகத்தில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. விடியற்காலையில் ஒயிட் டவுன் தெருமுனைகளில் கல்யாண ஜோடிகள் முறை வைத்து நிற்கிறார்கள். அதையே நீங்கள் இன்னும் ஒரு முறை, இன்னும் கூர்மையாக எடுத்தாலும் உங்களுக்கென்று எதுவும் மிஞ்சாது. நீடிக்கிற சந்தோஷம் ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதிலும், எடுத்ததில் பெரும்பகுதியைக் கழித்துக் கட்டுவதிலும், மிஞ்சியதைக் காகிதமாக்கி ஒருவர் கையில் கொடுப்பதிலும் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். வீட்டிலிருந்து வண்டியில் பதினைந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். தூரமாக இருந்தால் மூன்றாவது வாரம் போகமாட்டீர்கள். காலத்துக்குக் காலம் மாறுகிறதாக இருக்க வேண்டும். படமே எடுக்காவிட்டாலும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஓல்டு டவுன் துறைமுகத்து மீன் ஏலம், திருப்பாப்புலியூர் பூக்கடைகள், உங்கள் தெருவின் மார்கழிக் கோலம், இஸ்திரி வண்டிகள், கையால் எழுதிய கடைப் பலகைகள், கெடிலத்தின் முகத்துவாரம், பண்ருட்டிக்காரர் என்றால் சீசன் நேரத்துப் பலா மண்டி, பாண்டிக்காரர் என்றால் தமிழர் பகுதியின் திண்ணையும் தாழ்வாரமும் என்று எதுவானாலும் சரி. ‘இயற்கை’, ‘தெருப் படங்கள்’ என்று எடுத்துக்கொண்டால் அது தலைப்பு ஆகாது. அதில் எப்போது முடித்தோம் என்றே தெரியாது. ‘தினம் ஒரு படம், 365 நாள்’ திட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது மாதத்திலேயே அது வீட்டுப்பாடமாகி, மேசை மேலிருக்கும் காபி டம்ளரை எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். வாரத்தில் ஒரு காலை, ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு நடைக்கு 36 படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஒரு ஃபிலிம் ரோலின் அளவு அது. எண்ணிக்கை குறைந்தால் பார்வை தானாக மெதுவாகும்.

எளிதாகத் தொடங்கக்கூடியதும், வருடம் போகப்போகக் கனம் கூடுவதும் கடற்கரையை ஒரே இடத்திலிருந்து எடுப்பது. நம் கரை ஓய்ந்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அதனால்தான் 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபோது, அதற்கு வடக்கே இருந்த பீச் ரோட்டில் மணல் தேய்ந்து பாறாங்கல் மட்டும் மிஞ்சியது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஓர் எஃகுத் தடுப்பை இறக்கிய பிறகு அங்கே மறுபடி மணல் சேர்ந்தது. அந்தச் சில வருடங்களில் ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் இருப்பது சாதாரண ஆல்பம் அல்ல. இன்றைக்குத் தொடங்கினால் தேவனாம்பட்டினமும் கெடிலம் முகத்துவாரமும் உங்களுக்கு அப்படி ஆகும்.

ஒரே இடம் என்றால் ஏறக்குறைய அதே இடம் அல்ல, அச்சாக அதே இடம். அருகில் அசையாத பொருள் ஒன்று, தொலைவில் ஒன்று தேர்ந்தெடுங்கள். விளக்குக் கம்பத்தின் வலது விளிம்பு தூரத்துக் கலங்கரை விளக்கத்தின் இடது விளிம்பைத் தொட்டுக்கொண்டு தெரிகிற புள்ளியில் நின்றால், அடுத்த மாதம் அரை அடி விலகி நின்றாலும் அந்த ஒட்டு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். இதே மாதிரி குறுக்கே இன்னொரு ஜோடியும் இருந்தால் இடம் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். ஜூம் லென்ஸானால் ஏதாவது ஒரு கடைசி முனையில் மட்டும் எடுங்கள், 18 அல்லது 55. இடையில் 33, 34 என்று நிறுத்தினால் மறுபடி பிடிக்க முடியாது. கேமராவின் உயரத்துக்கு டிரைபாடில் எத்தனை கால் மூட்டு திறந்திருந்தது என்று குறித்து வையுங்கள். முதல் மாதப் படத்தை மொபைலில் திறந்து, நான்கு மூலைகளிலும் என்ன வருகிறது என்று ஒப்பிட்டபின் ஷட்டரை அழுத்துங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்காதீர்கள். இங்கே சூரிய உதயம் ஜனவரி நடுவில் 6.35 வாக்கில், ஜூன் தொடக்கத்தில் 5.45 வாக்கில். ஐம்பது நிமிட வித்தியாசம். ‘உதயத்துக்கு அரை மணி கழித்து’ என்று குறியுங்கள். எந்த நாள் போவது என்பதற்கு நாள்காட்டியின் திதியைப் பிடித்துக்கொள்ளலாம். கடல் ஏற்றமும் வற்றமும் நிலாவோடு போவதால், மாதந்தோறும் அதே திதியில் போனால் தண்ணீர் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கும். தேதியைப் பார்த்து, ஒரு மாதம் அமாவாசையை ஒட்டியும் அடுத்த மாதம் அஷ்டமியிலும் எடுத்தீர்களானால், கரை தேய்ந்ததா அல்லது தண்ணீர்தான் ஏறி நின்றதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் ஊர் வெளிச்சத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்து அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதியவை. ‘கோல்டன் ஹவர்’ (சூரியன் தாழ இருக்கும் பொன் வெளிச்ச நேரம்) என்று அவர்கள் சொல்வது நமக்கு ஒரு மணி நேரம் கிடையாது. 12 டிகிரி அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. உதித்து 25 நிமிடத்தில் ஆறு டிகிரி உயரத்துக்கு வந்துவிடும், நாற்பது நிமிடத்தில் நிழல் கெட்டித்துவிடும். எனவே உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே இடத்தில் நின்று, செட்டிங்கை முடித்திருக்க வேண்டும். சூரியன் தலைகாட்டியபின் டிரைபாடை விரிப்பவருக்கு மிச்சம்தான் கிடைக்கும். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது என்பது இதற்கு வசதி. கடலைப் பார்த்துப் போகும் தெரு ஒவ்வொன்றிலும் சூரியன் தெருவின் நடுவே நேராக உதிக்கும் நாட்கள் வருடத்தில் சிலவே வரும். டிசம்பரிலிருந்து ஜூனுக்குள் உதயப் புள்ளி அடிவானத்தில் சுமார் 48 டிகிரி நகர்கிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

கிழக்குக் கரையில் மாலையில் ஒன்றும் இல்லை என்று பலர் கேமராவை மூடிவிடுகிறார்கள். அது தவறு. சூரியன் ஊருக்குப் பின்னால் மறைந்த பத்து, பதினைந்து நிமிடத்தில் கடலின் விளிம்பில் நீலச்சாம்பல் பட்டை ஒன்று எழும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை. அடியில் தெரிவது பூமியின் சொந்த நிழல். வானம் தெளிந்த நாட்களில் நன்றாகவே தெரியும். அந்த நேரத்து வெளிச்சத்தில் நிழலே விழாது. படகு, முகம், ஈரமணல் எல்லாம் ஒரே மென்மையில் வரும். நிலா உதயத்துக்கும் இதே கரைதான் வசதி, ஆனால் பௌர்ணமியன்று போகாதீர்கள். முந்தின நாள் போங்கள். அன்று சூரியன் மறைவதற்கு முன்பே, ஏறக்குறைய அரை முக்கால் மணி முன்னதாக நிலா எழுந்துவிடும். கரையில் வெளிச்சம் இருக்கும்போதே அது மேலே வருவதால் படகும் தெரியும், நிலாவின் கறையும் தெரியும். பௌர்ணமியன்று கரை இருண்டபின், கரைக்காக ஷட்டரைத் திறந்து வைத்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டு. நன்றாக மேலேறிய முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 200, எஃப்/8, 1/250 வினாடி போதும். சூரிய வெளிச்சம் பட்ட பாறைதானே அது.

உச்சிவெயில் வேறு கதை. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே. கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். வெயிலில் யாரையும் நிற்க வைக்காதீர்கள். திண்ணையில், வாசற்படிக்கு ஓரடி உள்ளே, முகம் தெருவைப் பார்த்து இருக்கட்டும். எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தால் இயற்கையே பெரிய ரிஃப்ளெக்டர் பிடித்தது மாதிரி. மஞ்சள் சுவர் என்றால் முகத்தில் மஞ்சள் ஏறும், காமாலை வந்தது போல. வொயிட் பேலன்ஸை நீலத்துக்கு இழுத்தால் பின்னணி நீலித்துப் போகும். அப்படிப்பட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே நல்லது. வெள்ளைச் சுவர் ஃபிரேமை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +0.7 வையுங்கள்.

முகங்களில் நம்மவர்கள் அதிகம் தவறுவது நிறத்தில்தான். கேமராவின் மீட்டருக்கு உலகம் முழுவதும் நடுச்சாம்பல். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் கூட்டி, தோலின் பளபளப்பைக் கழுவிவிடும். அங்கே −0.3, −0.7 வேண்டும். அதே முகத்துக்குப் பின்னால் கடலோ வானமோ இருந்தால் நேர் எதிராக, முகம் கரிக்கட்டையாகிவிடும். அங்கே +1, அல்லது ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கைக் கன்னத்தில் வைத்து எடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு திருத்தம் என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. மொபைலானால் முதலில் பியூட்டி ஃபில்டரை அணையுங்கள். விற்பனைக்கு வரும் பிரீசெட்டுகளில் (படத்தின் நிறத்தை மாற்றும் தயார் செட்டிங்குகள்) பல, ஆரஞ்சு நிறத்தின் ஒளியை ஏற்றித் தோலை வெளுக்க வைக்கின்றன. வெயிலில் வலை இழுத்த மனிதரை மைதா மாவாக்கிக் காட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது என்று தெரியவில்லை.

மீன் ஏலத்தைத் தேர்ந்தெடுத்தால் முதல் இரண்டு தடவை கேமராவைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம். டீ குடியுங்கள், ஐஸ் வண்டி எந்தப் பக்கமாக வருகிறது, கூடை எங்கே இறங்குகிறது, யார் ஏலம் கூறுகிறார் என்று பாருங்கள். மூன்றாம் முறை “அண்ணே, ஒரு ஓரமா நின்னு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் எடுக்கவே கூடாது, அதிலும் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் திருடவே கூடாது. ஏலம் நடக்கும் இடங்களில் விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிவதால் வெளிச்சம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/250, 1/500 என்று வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுவது இதனால்தான். 1/100இல் எடுத்தால் பட்டை வராது, ஆள் அசையாத நேரத்தில் 1/50உம் சரி. எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் 1/100, ஐஎஸ்ஓ 3200இல் விடிவதற்கு முன்பே வேலை நடக்கும். மீன் செதிலும் ஐஸும் வெளிச்சத்தைத் திருப்பியடித்து வெளுத்துப் போகும் என்பதால் −0.7 வையுங்கள். ஏலம் கேட்பவர்களின் விரல்களைக் கவனியுங்கள், முகத்தில் தெரியாதது அங்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. ஏலம் அடங்கிவிடுகிறதே என்று விட்டுவிட வேண்டாம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், வலை சரிசெய்வதும் அப்போதுதான். ஆட்களுக்கும் அப்போதுதான் பேச நேரம் இருக்கும்.

மார்கழிக் கோலத்துக்கு வெயில் ஏறும் முன்பே போக வேண்டும், வண்டி மிதிக்கும் முன்பும். ஃபிளாஷ் வேண்டாம், பொடியின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். மேலிருந்து எடுத்தால் சென்சார் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகும். முதல் மாடியிலிருந்து 50 மி.மீ. எளிது. சிவப்புப் பொடி சீக்கிரம் வெளுத்து விவரம் இழக்கும் என்பதால் ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். கோலம் போட்ட கையும் ஒரு படத்தில் வரட்டும்.

திருவிழாக்களில் எனக்குப் பெரிய பரிந்துரை இல்லை. மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் சாமிகள் கடலுக்கு வரும்போது கூட்டத்தோடு கேமராக் கூட்டமும் இருக்கும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா இன்னும் எடுக்கத் தக்கது, ஏனென்றால் அங்கே சாமியைச் சுற்றிக் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் படம். பறவைக்குப் புதுச்சேரி அருகே ஊசுடு ஏரி இருக்கிறது, குளிர்காலத்தில். ஆனால் 400 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸோடு போனால் தண்ணீரில் புள்ளிகளைத்தான் எடுத்து வருவீர்கள்.

கடலோரத்தில் கேமரா வைத்திருப்பவருக்கு உப்பும் ஃபங்கஸும்தான் நிரந்தரப் பகை. காற்றில் பறக்கும் உப்பு லென்ஸில் படிந்து காய்ந்தால் சிறு படிகங்களாகும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கோட்டிங் கீறும். முதலில் ஏர் புளோயர், பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, அதற்குப் பின்தான் உலர்துணி. கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். டிரைபாட் காலை ஈரமணலில் நன்றாக அழுத்தி ஊன்றியபின் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வினாடி எக்ஸ்போஷரில் அலை வந்து போவதற்குள் கால் இறங்கிப் படம் கலங்கும். வீடு வந்ததும் கால்களை முழுக்க நீட்டிக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மூட்டில் மணலோடு மடக்கினால் அடுத்த முறை திருகும்போது கரகரக்கும்.

ஏசி அறையிலிருந்து விடியற்காலை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் மூடுபனி போட்டுக்கொள்ளும். 22 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடியின் மேல் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் தண்ணீராகத்தான் செய்யும். துடைக்கத் துடைக்க வரும். முந்தின இரவே பையை ஹாலில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் ஜிப் கவரில் போட்டு மூடி, அரை மணி நேரம் வெளியே வைத்தபின் திறங்கள். அப்போது ஈரம் கவரின் மேல் படியும், கேமராவில் அல்ல.

ஃபங்கஸ் வருவது மழைக்காலத்தில், அதுவும் சும்மா கிடக்கும் லென்ஸில். தோல் பையிலும், துணி அலமாரியிலும் வைத்தால் அழைப்பிதழ் கொடுத்ததற்குச் சமம். ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறிய ஹைக்ரோமீட்டர். முள் 40 சதவீதத்துக்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ரப்பரும் கிரீஸும் காய்ந்துவிடும். நீல ஜெல் வெளிர்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றினால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, ஆகவே சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்குள் புதைப்பது வீண் வேலை, மாவுத் தூசி உள்ளே போவதுதான் மிச்சம். வாரம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதைவிட நல்ல மருந்து இல்லை. வாராந்திர நடைக்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு.

எடுத்த அன்றே படங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று உங்களுக்குப் பிடித்திருப்பது அந்தக் காலை நேரம், படம் அல்ல. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் அலையும் ஆளும் மறந்து, கட்டத்துக்குள் இருப்பது மட்டும் தெரியும். முதல் சுற்றில் ஃபோகஸ் தவறியவை, கண் மூடியவை, ஒன்றேபோல் இருப்பவை போகட்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இது இல்லாவிட்டால் இந்தத் தொகுப்பில் எது குறையும்?’ என்று கேளுங்கள். 36இல் இரண்டு நின்றால் நல்ல வாரம். ஒன்றும் நிற்காத வாரமும் வரும். வருடக் கடைசியில் கையில் ஐம்பது, அறுபது இருக்கும், அதிலிருந்து இருபது. அழகான படம் ஆனால் மற்றதோடு சேரவில்லை என்றால் அதை எடுத்துவிடத் தயங்காதீர்கள். இந்தக் கழித்தலில்தான் உங்களுக்கு எது பிடிக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும். சிலர் ஆறு மாதம் ஏலத்தை எடுத்துவிட்டு, தேர்ந்தெடுத்துப் பார்த்தால் எல்லாம் காத்திருக்கும் பெண்களாக இருக்கும். அடுத்த ஆறு மாதத்துக்கான விஷயம் அதுவே.

லைக் பற்றி ஒரு வரி போதும். விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் தரும் அரை வினாடி அது, அதை வைத்து உங்கள் காலைப்பொழுதை மதிப்பிட வேண்டாம். பார்த்துக் கருத்துச் சொல்ல இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் படம் எடுக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு பிரிண்ட். ஊரில் இருக்கும் கலர் லேபில் 4×6 பிரிண்ட் எடுக்கப் பெரிய செலவில்லை. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 4×6க்கு 1200×1800 பிக்சல் போதும், 8×12க்கு 2400×3600, 12×18க்கு 3600×5400. உங்கள் கேமராவின் படம் 3:2 என்ற நீள அகல விகிதத்தில் இருப்பதால் இவற்றில் அப்படியே உட்காரும். மொபைல் படம் 4:3, லேபில் அதை அப்படியே கொடுத்தால் மேலும் கீழும் வெட்டித் தலையைக் கழித்துவிடுவார்கள். நீங்களே 3:2க்கு வெட்டிக் கொடுங்கள். எஸ்ஆர்ஜிபி நிற முறையில், ஜேபெக் ஃபைலாக, ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இயந்திரம் கறுத்த முகங்களை மறுபடி வெளுக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாருக்கு லேப் காரணம் அல்ல, உங்கள் திரையின் பிரைட்னஸ் உச்சத்தில் இருப்பதே காரணம். பாதிக்குக் குறைத்து வைத்துத் திருத்துங்கள். நம் ஈரத்துக்கு மேட் காகிதமே ஏற்றது. கிளாஸியை ஃபிரேம் போட்டால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பிறகு உரித்தெடுக்க வராது. ஃபிரேம் போடுவதானால் இடையில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பிரிண்ட் எடுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று படத்தில் இருப்பவருக்கு. அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். “எடுத்துட்டுப் போறவங்க நெறைய பேரு, குடுக்க வந்தது நீங்கதான்” என்ற ரகத்துப் பேச்சு பெரும்பாலும் கிடைக்கும், அதன்பின் அந்த இடத்தில் நீங்கள் அந்நியர் இல்லை. இது தந்திரமாகச் சொல்வது அல்ல. மீனவர் குப்பங்களிலும் சந்தைகளிலும் பல வயதானவர்களுக்குக் கல்யாணத்துக்கு எடுத்ததையும் அடையாள அட்டைக்கு எடுத்ததையும் விட்டால் நல்ல படம் ஒன்று இருக்காது. நீங்கள் கொடுப்பது சுவரில் ஏறும். ஒருநாள் மாலையும் ஏறும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் கோயில், சிற்பம் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆனால் அங்குள்ள ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், நாற்காலியில் கணவர், பக்கத்தில் நின்றபடி மனைவி என்ற சாதாரணக் குடும்பப் படங்களையும் மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். எடுத்தபோது அவை யாருக்கும் கலையாகத் தோன்றியிருக்காது.

அப்படிப்பட்ட பழைய படங்களில் பெரும்பாலும் இல்லாதது ஒன்றுதான், யார், எங்கே, எப்போது என்ற விவரம். உங்கள் ஃபைலில் அது இருக்கட்டும். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் லைட்ரூம், டிஜிகாம் எதுவானாலும் கேப்ஷன் கட்டத்தில் தமிழிலேயே எழுதலாம். இடம், நாள், தொழில், படகின் வகை, அன்றைக்கு என்ன மீன் என்பது போதும். ஆளின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள், இணையத்தில் போடும்போது அதையும் நீக்கிவிடுங்கள். ஃபோல்டருக்கு 2025-01-19 என்று வருடத்தை முதலில் வைத்துப் பெயரிட்டால் தானாக வரிசையாகும். பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் மேடு தெரியும், மையும் ஒட்டும். ஏற்கெனவே கிடக்கும் ஆயிரக்கணக்கானவற்றையும் இதே முறையில் மழைநாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். சில்வர் பீச்சின் நூறு உதயங்களில் ஒன்று போதும். ஆனால் ஓரத்தில் தற்செயலாக விழுந்த பழைய கடை, இப்போது இல்லாத மரம், இவற்றை அழிக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே நாளில் சாய்ந்தன. அதற்கு முந்தின வருடம் அங்கே யாராவது சும்மா எடுத்த படம் இன்றைக்குச் சும்மா எடுத்த படம் இல்லை.

அதே புயல் உங்கள் ஹார்டு டிஸ்க்குக்கும் வரலாம். மூன்று பிரதி வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது கிளவுடில். தேர்ந்தெடுத்த இருபது, அறுபது படங்கள் என்றால் கிளவுடின் இலவச இடமே தாங்கும், ரா ஃபைல் (கேமரா பதியும் பெரிய மூல ஃபைல்) மொத்தத்துக்கும்தான் டிஸ்க் தேவை. வீட்டில் இருக்கும் டிஸ்க்கைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல் பரண் உயரத்தில் வையுங்கள். வெளியூர் டிஸ்க்கை அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வைத்திருந்தால், வருடம் ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்கும் முன் வாங்கிச் செருகிப் பாருங்கள். வருடக் கணக்கில் சுழலாமல் கிடந்த டிஸ்க் தேவைப்படும் நாளில் திறக்காமல் போவதுண்டு.